சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

பெங்களூர் ஹொரமாவில் என் மகள் கட்டியிருக்கும் வீட்டில், கேட்டிலிருந்து போர்டிகோ வரை தார் போட வேண்டும். மருமகன் கெட்டிக்காரர். ஒரு கம்பெனிக்கு விலாசத்தைக் கொடுத்தார். அவர்கள் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்து, நீளம் அகலம் அளந்து, மறுநாளே எஸ்டிமேட் அனுப்பிவிட்டார்கள். அதை என் கையில் கொடுத்து, "பாருங்க மாமா, நீங்க இந்த வேலையிலயே இருந்தவரு. பட்ஜெட் சரியா இருக்கா?" என்று கேட்டார். மண் வெட்டு, ஜல்லி, தார், ரோலர் வாடகை என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. "யார் வந்து பார்த்தாங்க?" என்றேன். "யாரும் வரல. எதுக்கு வரணும்?" என்றார்.

அன்றிலிருந்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள், "அப்பாவுக்கு எதைக் கண்டாலும் பயம்" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என் வேலைக்காலம் முழுக்க அந்தப் பயத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நேரில் சொன்னால் இன்னும் சிரிப்பாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில். அங்கே பூமி அவ்வப்போது குலுங்கும். கீழே எங்கோ பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து தட்டுகள் கலகலவென்று விழும். உடனே பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, சுரங்கத்து வாசல் இருக்கும் பக்கம் பார்த்தபடி நிற்பார்கள். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வரும்போது அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். என் அப்பா ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். ஆனாலும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை. காலுக்குக் கீழே இருப்பது கெட்டி என்று நம்பி நடக்கிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். சுரங்கத்தில் வேலை கேட்டு நான் போகவே இல்லை. டிப்ளமா முடித்தேன், ரயில் ஏறிப் பெங்களூர் வந்தேன், நஞ்சப்பா சாரிடம் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

நஞ்சப்பா சார் சின்ன கான்ட்ராக்டர். கவர்மென்ட் ரோடு எதையும் எடுக்க மாட்டார். வீடு, சர்ச், பள்ளிக்கூடம் என்று காம்பவுண்டுக்குள் போடும் வேலை மட்டும்தான். கன்னடக்காரர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

எஸ்டிமேட்டுக்குப் போனால் அவர் முதலில் டேப்பை எடுக்க மாட்டார். செருப்பைக் கேட்டருகே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வீடு வரை நடந்து திரும்பி வருவார். பிறகு வீட்டுக்காரரிடம், "உங்க வீட்டுக்கு வர்றதுலயே ஜாஸ்தி கனம் யாருது?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டே மச்சான் பெயரைச் சொன்னவர்கள் உண்டு. "அவரில்ல சார், வண்டி" என்பார். காருக்கு என்றால் ஒரு கணக்கு. தண்ணீர் லாரி உள்ளே வரும் என்றால் அடியில் பெரிய ஜல்லி இன்னொரு படுகை வேண்டும், செலவு ஏறும். அதனால் பாதிப்பேர் லாரியே வராது என்று சாதிப்பார்கள். சார் மறுத்துப் பேசாமல் கேட்டோரம் குனிந்து, ஈர மண்ணில் லாரி டயரின் தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு போர்டிகோ பக்கம் ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று கவனிப்பார். தரையின் வாட்டம் தெரிய அது போதும். அதற்கப்புறம்தான் டேப். ஒரு வீட்டுக்காக ரோலரை அல்சூரிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தால் அதன் வாடகையே பட்ஜெட்டை விழுங்கிவிடும். எனவே பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, "உங்களுதும் சேர்த்துப் போட்டுக்கோங்க, வாடகை பாதியாவும்" என்று பேசிப்பார்ப்பதும் என் வேலை.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் என் பக்கம் திரும்புவார். "செல்வம், எல்லி பயம்?" எங்கே பயமாக இருக்கிறது என்று அர்த்தம். நான் கை காட்டினால் அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடச் சொல்வார். ஒன்று அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும், அல்லது ரோலர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதுதான் அவர் சட்டம். "டேப்புல வராதது கொஞ்சம் இருக்குதுப்பா. அதுக்குத்தான் உன்ன வெச்சிருக்கேன்" என்பார்.

என் பயம் எல்லாம் பலித்தது என்று நினைக்க வேண்டாம். பிரேசர் டவுனில் ஒரு துணி வியாபாரி வீட்டில், கேட்டுக்கு உள்ளே ஓரிடத்தில் நிற்கவே எனக்குக் கால் கூசியது. ஆள் உயரம் தோண்டினோம். சுத்தமான செம்மண். வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஆட்களே, "இன்னா செல்வா, புதையல் கெடச்சுதா?" என்று கேலி செய்தார்கள். தோண்டிய கூலியைச் சார் தன் தலையில் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில், "ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுது. ஆய்து" என்றார், முடிந்தது என்று. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பூமியைத் தவிர வேறு பயமும் இருந்தது. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது, வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடுமோ என்று நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தோம். ஒரு தெருமுனையில் நாலைந்து பேர் சாரையும் என்னையும் நிறுத்தி, "யாவ ஊரு?" என்று எங்கள் ஊரைக் கேட்டார்கள். நான் சாரின் பின்னால் ஒதுங்கினேன். சார் முன்னால் வந்து என் தோளில் கை போட்டு, "கோலார். நம்ம ஹுடுகா" என்று மெதுவாகச் சொன்னார். நம்ம பையன் என்றார். அந்தக் கை வீடு வரை என் தோளிலேயே இருந்தது. இந்த மனிதரிடம் என் பயத்தை மறைக்கத் தேவையில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இனி ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வருகிறேன். கலவரம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது. எஸ்தர் டீச்சர் என்று ஒரு ரிட்டயர்டான அம்மா. கணவர் சாமுவேல் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பழைய காலத்து ஓட்டு வீடு, கேட்டிலிருந்து வாசல் வரை நீளமான மண் பாதை. மழை பெய்தால் எந்த வண்டியும் உள்ளே வராது. முந்தைய மழையில் ஐயாவை நாற்காலியோடு கேட் வரை தூக்கிப் போனபோது ஒருவர் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, ஐயா சேற்றில் கிடந்திருக்கிறார். "அன்னைக்கு அவர் கத்தக்கூட முடியாம என்னையே பாத்துட்டு கெடந்தாருப்பா" என்றார் டீச்சர். "அடுத்த மழைக்குள்ள வீட்டு வாசல் வரைக்கும் கார் வரணும். என் கையில இருக்கிறது இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு பைசா கேட்டாலும் என்னால முடியாது."

அவர் சொன்ன தொகைக்குள் வேலை மட்டுமட்டாக அடங்கியது. கேட்டிலிருந்து நேர்கோட்டில் போனால் சரியாக இருக்கும். சார் வெறுங்காலோடு நடந்தார், பக்கெட் கவிழ்த்தார், டேப் பிடித்தோம். ரோலர் ஓட்டும் தாஸ் அண்ணனும் கூட வந்திருந்தார். அவரும் தங்கவயல்காரர்தான். சுரங்கத்தின் அடி ஆழம் வரை இறங்கி வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். இறங்கும்போது கூண்டிலேயே தூங்குவாராம். அவருக்குச் சுரங்கத்துப் பழக்கம் ஒன்று விடவே இல்லை. உள்ளே தலைக்குமேல் இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டி, கணீரென்றால் கெட்டி, மொத்தென்றால் ஓடிவிடு என்று அவர்கள் பார்ப்பார்கள். அதேபோல இங்கே தரையில் கடப்பாரையை இறக்கிப் பார்ப்பார்.

பாதை நெடுகக் கடப்பாரை மண்ணில் சொருகிக்கொண்டே வந்தது. பாதி வழியில், ஓரிடத்தில் மட்டும், கணீரென்றது. மண்ணைக் கொஞ்சம் விலக்கினார்கள். சாம்பல் நிறக் கல்லின் முதுகு தெரிந்தது. பெங்களூரில் எங்கே தோண்டினாலும் பாறை தட்டுவது சகஜம்தான்.

"பாறைடா. கோயில் கட்டலாம் இது மேல" என்றார் தாஸ் அண்ணன்.

சார் என்னைப் பார்த்தார். "செல்வம், எல்லி பயம்?"

நான் அந்தக் கல்லைத்தான் காட்டினேன். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லைன் வீட்டில் தட்டுகள் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி ஓசை எல்லாம் அடங்கும். அந்த நொடிக்குள் போய் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

"கணீர்னு பேசுது கல்லு, அதப் பாத்து பயமா? பாறையப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா? பூமிக்குள்ள எறங்கி வேலை செஞ்சவன்டா நானு. நீ எறங்குனியா?" என்றார் தாஸ் அண்ணன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

சார் அந்தக் கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். முழுக்கத் தோண்டிப் பார்க்கலாம். பாறை என்றால் தோண்டின கூலி வீண். பாறை இல்லை என்றால் அதற்கப்புறம் ஆகும் செலவுக்கு டீச்சரிடம் பணம் இல்லை. இரண்டில் எது ஆனாலும் மழைக்குள் கார் வராது. எழுந்து சுண்ணாம்பு கொண்டுவரச் சொன்னார். கல்லைச் சுற்றி, கல்லைவிடப் பெரிதாக ஒரு வட்டம் போடச் சொன்னார். பாதை அதைச் சுற்றி வளைந்து போகும் என்றார்.

வளைந்தால் நீளம் கூடும். அதை அந்தத் தொகைக்குள் அடக்க, அகலத்தைக் குறைத்தோம். போர்டிகோ முன்னால் கார் திரும்புவதற்கு வைத்திருந்த இடத்தை எடுத்தோம். ஒரு பக்கத்து ஓரக்கல்லையும் எடுத்தோம். அதோடு வளைவு போகிற இடத்தில் ஐயாவின் ரோஜாப் பாத்தி இருந்தது. உடம்பு நன்றாக இருந்தபோது அவர் கையால் வைத்தது, ஜன்னலிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

டீச்சரிடம் இதைச் சொல்ல நான் தயங்கினேன். சார் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, காரணம்னு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. எங்க ஆளுக்கு அங்க பயமா இருக்குது."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பொய்யைப் பார்த்த கண். "நிஜமாவே பயமாப்பா? இல்ல இவர் சொல்லச் சொன்னாரா?"

"நிஜமாத்தான்மா."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "பயத்தோட இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றார். "ரோஜா போனா போகட்டும். வளைச்சே போடுங்க."

ஜல்லி பரப்பி ரோலர் ஓடிய நாளை நான் இன்னும் மறக்கவில்லை. பின்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஒட்டிப் போனது. நான் பக்கவாட்டில் கூடவே நடந்தேன். என் முகத்தைப் பார்க்கப் பார்க்கத் தாஸ் அண்ணனுக்குக் குறும்பு ஏறிவிட்டது. "இப்ப பாரு, உன் பயத்த நானே நசுக்கிக் காட்டறேன்" என்று சிரித்தபடி ஸ்டியரிங்கை ஒடித்து ரோலரை வட்டத்தின் பக்கம் திருப்பினார். சார் அப்போது கேட் பக்கம் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஓடிப்போய் வட்டத்துக்குள் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

எதைக் கண்டு பயந்தேனோ அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். எதிரே அத்தனை டன் இரும்பு. என் காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. ரோலரின் அதிர்வுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன் சக்கரம் கோட்டை அழித்துக்கொண்டு நின்றது. பின்னால் போ என்று கையைக் காட்டினேன். தாஸ் அண்ணன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ரிவர்ஸ் எடுத்தார். இறங்கி வந்து, "ஆளுங்க முன்னாடி என்ன அவமானப்படுத்திட்ட" என்றார். அதற்கப்புறம் வெகுகாலம் என்னோடு அவர் பேசவில்லை. தேவைப்பட்டால், "அந்த பயந்தாங்கொள்ளிகிட்ட சொல்லு" என்று அடுத்தவரிடம் சொல்வார்.

மழைக்குள் பாதை முடிந்துவிட்டது. வளைவு பார்க்க விசித்திரமாகத்தான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஏன் இப்படி என்று டீச்சரைக் கேட்டார்களாம். கிளம்பும்போது சார், "அந்த வட்டத்துல வண்டி எதையும் ஏத்தாதீங்கம்மா" என்று சொன்னார். டீச்சர் சரியென்று தலையாட்டினார்.

சில வருடங்கள் போயின. தாஸ் அண்ணன் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார், கேலியோடுதான். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வருடம், ஒரு வாரம் விடாமல் தினமும் சாயங்காலம் மழை கொட்டியது. அது ஓய்ந்ததும் டீச்சர் ஆபீசுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "வந்து பாருப்பா" என்று மட்டும் சொன்னார். சாருக்கு அப்போது உடம்பு முடியாமல் இருந்தது. தாஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வளைவு அப்படியே இருந்தது. அதன் உள்பக்கம் ஒரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. பழைய கிணறு. எந்தக் காலத்திலோ கல் பலகைகளைப் போட்டு மூடி, மேலே மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். டீச்சர் குடும்பம் வீட்டை வாங்கியபோது யாரும் சொல்லவில்லை. அடியில் குப்பையும் மண்ணும் பலகையை முட்டிக்கொண்டு நின்ற வரை அது பாறையாகவே பேசியிருக்கிறது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க, மேலே கல் மட்டும் தனியாக நின்றிருக்கிறது. இப்போது பலகை இரண்டாக உடைந்து, ஒரு பாதி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. தாஸ் அண்ணன் ஒரு ஜல்லியை எடுத்து உள்ளே போட்டார். சத்தம் வரவில்லை. வராது என்று நினைத்த பிறகு கீழே தண்ணீரில் விழுந்த ஓசை கேட்டது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

அப்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார். "வண்டி ஏத்தக் கூடாதுன்னு சார் சொன்னாரில்ல, ஏத்தல. அந்த எடம் சும்மா காலியா இருந்துச்சு, காலையில நல்ல வெயிலும் வரும். இத்தனை வருஷமா தெனமும் அவர் நாற்காலிய அங்கதாம்ப்பா போட்டேன்."

சாமுவேல் ஐயா எங்கே என்று கேட்டேன்.

"முந்தாநாள் அவர் அங்க உக்காந்திருக்கும்போதே தூறல் விழுந்துச்சு. வேலைக்காரப் பொண்ணும் நானுமா அவரை உள்ள தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சோம். நாற்காலி நனையுதேன்னு எடுக்கத் திரும்பி வந்தேன்." அது இருந்த இடத்தில் இந்தப் பள்ளம்தான் இருந்ததாம். வாய்க்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஐயாவின் முகம் தெரிந்தது. எங்களைப் பார்த்து இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

ரோலருக்காக நாங்கள் பயந்தோம், கல்லைச் சுற்றிக் கோடு போட்டோம், பட்ஜெட்டை அடக்கினோம். ஒரு பிரம்பு நாற்காலிக்காகப் பயப்பட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தாஸ் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுரங்கத்தில் கூண்டு இறங்கும்போது தூங்கிய மனிதர், ரோட்டைக் கடக்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் பிடியை விடவில்லை. அல்சூர் ஏரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்பவும் பயமா கீதா?"

"இருக்குதுண்ணே."

"இருக்கட்டும். அத மட்டும் போவ வுட்டுடாத."

நாளைக்குக் காலையில் மகள் வீட்டுக்குப் போகிறேன். எஸ்டிமேட்டை மருமகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்க வேண்டும். பேத்தியின் சின்ன நாற்காலியை எங்கே போடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.